கையும் களவுமாகப் பிடிபட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஒருவர் கையிலிருந்து வாட்சை அவருக்கே தெரியாமல் கழற்றிக் காட்டுகிற மேஜிக்கில் நீ பிடிபட்ட வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மொத்தமே 40 விநாடி. "இனிமேல் வாட்ச் எடுக்கிற வேலையே வேண்டாம் அண்ணா, மானம் போய்விட்டது" என்று கூடவே எழுதியிருந்தாய். தனியாகப் பதில் போட்டிருப்பேன், ஆனால் க்ளோஸ்-அப், அதாவது ஆட்களுக்குப் பக்கத்திலேயே நின்று மேஜிக் செய்கிற இன்னும் நாலைந்து பேர், பிடிபட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் உன் பெயரை விட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றில்லை. உன் கணக்கில், நாணயத்தை அவருடைய இடது கையில் வைத்து மூடச் சொன்னாய், மணிக்கட்டைப் பிடித்தாய், பட்டையின் நுனியை வளையத்திலிருந்து உருவிவிட்டாய், பக்கிளின் முள்ளை விடுவிக்கிற நேரத்தில் அவர் குனிந்து பார்த்துவிட்டார், அவ்வளவுதான் தோல்வி. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. அதற்கு அடுத்து நீ "இல்லை சார், சும்மா டைம் பார்த்தேன்" என்றாய் பார், அங்கேதான் எல்லாம் போனது. அந்த நேரத்தில் நீ கீழே விழுந்த நாணயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய், அதனால் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது: முதலில் தன் மணிக்கட்டைப் பார்க்கிறார், பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்க்கிறார், அப்புறம் வலது கை தானாகப் பின்பக்கம் போய் பேண்ட் பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. அந்தக் கை பின்னால் போன கணத்தில் நீ மேஜிக் செய்கிறவனாக இல்லை, ஜேப்படிக்காரனாகிவிட்டாய். வாட்சைத் தொட்டதற்காக அவர் உன்னைச் சந்தேகப்படவில்லை. தொடவில்லை என்று சொன்னதற்காகச் சந்தேகப்பட்டார்.

நம் தொழிலில் பொய் சொல்லலாம், சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் பிடிபட்ட பிறகு சொல்கிற பொய் வேறு ரகம். பிடிபட்டால் இரண்டு கையையும் அப்படியே மேலே தூக்கிவிடு. பட்டை தொங்கிக்கொண்டிருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். "பிடித்துவிட்டீர்கள் சார், கை கொடுங்கள்" என்று சிரித்தபடி சொல்லிக் கைகுலுக்கு. சுற்றி நிற்பவர்கள் அவருக்குத்தான் கைதட்டுவார்கள், நீயும் தட்டு. வாட்சை நீயே மாட்டிவிடப் போகாதே, அவரே கட்டிக்கொள்ளட்டும், ஏனென்றால் இன்னொரு முறை உன் விரல் அங்கே போவதை அவர் விரும்ப மாட்டார். அன்றிரவு முழுக்க அவர் "என்கிட்ட முடியலையே" என்று பத்து பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லட்டுமே, உனக்கு என்ன நஷ்டம்?

சிலர் வேறு மாதிரி சொல்லித் தருவார்கள்: வாட்சில் வேண்டுமென்றே பிடிபடு, அதற்குள் பேனாவை எடுத்திரு, அவர் ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும்போது பேனாவைக் காட்டு என்று. நன்றாக வேலை செய்கிற உத்திதான், நானும் கொஞ்ச நாள் செய்தேன். ஆனால் அதைத் திட்டமிட்டுச் செய்தால்தான் அழகு. நிஜமாகவே பிடிபட்டுவிட்டு, வெட்கத்தை மறைக்க அவசரமாக இன்னொன்றை உருவப் போனால் இரண்டாவது முறையும் மாட்டுவாய். அதோடு, அவர் ஜெயித்ததை உடனே பிடுங்கிக்கொள்வதில் ஒரு சின்னத்தனம் இருக்கிறது. இது என் அபிப்பிராயம், உனக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

சரி, ஏன் பிடிபட்டாய் என்பதற்கு வருவோம். இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று உன் இடது கை. மணிக்கட்டை நன்றாகத்தான் அழுத்திப் பிடித்தாய். ஒரே அளவாக அழுத்திக்கொண்டிருக்கிற எதையும் தோல் சீக்கிரம் மறந்துவிடும், மாற்றம் வரும்போதுதான் விழித்துக்கொள்ளும். கட்டியிருக்கிற வாட்ச் நாள் முழுக்க நினைவிலேயே இல்லாமல் இருப்பதும் இதனால்தான். நீ பக்கிளுக்கு விரலைக் கொண்டுபோகும்போது பிடியைச் சட்டென்று தளர்த்தினாய், அந்தத் தளர்வுதான் அவரைக் கீழே பார்க்க வைத்தது. பிடியை விடுவது பிடிப்பதைவிடக் கஷ்டம். மெதுவாக, அவர் ஏதாவது சிரிக்கிற நேரத்தில், அவர் கையையே நீ நகர்த்திக்கொண்டிருக்கும்போது விட வேண்டும்.

இரண்டாவது, உன் வலது கை நாணயத்தோடு நேர்கோட்டில் மேலே போனது. கையை நேராக நகர்த்தினால் பார்ப்பவரின் கண் அதைக் கூடவே பின்தொடர்வதில்லை, தாவிப் போகிறது, தாவின கண் சுலபமாகத் திரும்பியும் வந்துவிடும். வளைவாக நகர்த்தினால் கண் விடாமல் அதோடேயே போகிறது. இது நம்மவர்கள் அனுபவத்தில் வைத்திருந்த விஷயம், பிறகு அமெரிக்காவின் பிக்பாக்கெட் மேஜிக் கலைஞர் அபோலோ ராபின்ஸ் நரம்பியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்து 2011-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அடுத்த முறை நாணயத்தை அரைவட்டமாகத் தூக்கிப் பார்.

ராபின்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2001-இல் லாஸ் வேகாஸில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் பாதுகாவலர்களின் பாக்கெட்டுகளையே அவர் காலி செய்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நீயும் அதைப் பார்த்துத்தான் இதில் இறங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிடப் பிடித்தது பென் ஜில்லெட்டிடம் அவர் செய்தது. ஜில்லெட்டும் மேஜிக்காரர், வாயாடி, ஏதாவது திருடிக் காட்டு என்று வம்புக்கு இழுக்கிறார். ராபின்ஸ் அவரிடமே ஒரு மோதிரத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரையச் சொல்கிறார். ஜில்லெட் தன் பேனாவை எடுத்து எழுதப் பார்த்தால் எழுதவில்லை, உள்ளே ரீஃபில் இல்லை. அது ராபின்ஸ் கையில் இருக்கிறது. பேனா போகவில்லை, ரீஃபில் மட்டும்! போனால் யாருக்கும் வயிறு எரியாத பொருள், ஆனால் போன விதத்தை வாழ்நாள் முழுக்க மறக்க முடியாது.

எதை எடுப்பது என்பதில் அந்தப் புத்தி நமக்கு வேண்டும். நான் இதைக் கற்றது கேவலமான முறையில். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு விருந்து, மேஜை மேஜையாகப் போய்ச் செய்துகொண்டிருந்தேன், கை நன்றாக ஓடிய நாள். ஒருவரிடம் வாட்ச், பேனா, சாவிக்கொத்து மூன்றையும் எடுத்தேன். வாட்சைத் திருப்பிக் கொடுத்தபோது சிரிப்பு, பேனாவைக் கொடுத்தபோது பெரிய கைதட்டல், அந்தக் கைதட்டலோடு குனிந்து வணங்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுகிறேன், கிளிங் என்று சத்தம். உள்பாக்கெட்டில் சாவிக்கொத்து. விருந்து நடத்தியவருக்கு போன் செய்தால், அந்த மனிதர் காருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரமாக நிற்கிறார், வேலையாட்கள் டார்ச் அடித்து மேஜைகளுக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறார்கள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் திட்டவில்லை. "அப்போ நீங்கதானா" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டார். அந்த "நீங்கதானா" இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதன்பின் அவர்கள் என்னைக் கூப்பிடவே இல்லை, கூப்பிடாததில் நியாயம் இருக்கிறது.

அன்றிலிருந்து சாவியைத் தொடுவதில்லை. ஒருவரிடம் இரண்டு பொருளுக்கு மேல் எடுப்பதில்லை, எடுத்தது எல்லாம் கோட்டின் ஒரே பாக்கெட்டில்தான் போகும், வேறு எதுவும் அந்தப் பாக்கெட்டில் இருக்காது. மேஜையை விட்டு நகரும் முன் அந்தப் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்க்காமல் நகர்வதில்லை. போன் வேண்டாம், மோதிரம் வேண்டாம். பர்ஸ் எடுத்தால் திறக்கவே கூடாது, வேடிக்கைக்குக்கூட. பாக்கெட்டுக்குள் மாத்திரை அட்டையோ இன்ஹேலரோ விரலில் பட்டால் கை வெறுமையாக வெளியே வர வேண்டும், முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது. ஒருவர் பாக்கெட்டில் என்ன வைத்திருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயமில்லை.

வாட்சிலும் எல்லாம் நமக்கானது இல்லை. பழகிய, வளைந்துகொடுக்கிற தோல்பட்டைதான் நல்லது. உன் வீடியோவில் இருந்தது புத்தம்புதுத் தோல், விறைப்பாக இருந்தது, அதை முதலிலேயே பார்த்துத் தவிர்த்திருக்க வேண்டும். ஸ்மார்ட்வாட்ச் பக்கம் போகாதே. பல வாட்ச்கள் கையிலிருந்து கழன்றதும் பூட்டிக்கொள்ளும், நீ பெருமையாகத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் அவர் எல்லோர் முன்னாலும் பாஸ்கோடு போட்டுக்கொண்டு நிற்பார், கிளைமாக்ஸ் செத்துப்போகும். பழைய வாட்ச்களில் பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பி தேய்ந்திருக்கும், இழுத்தால் தெறித்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித் தெறித்து வாட்ச் தரையில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அங்கே ஜோக் அடிக்கக் கூடாது. "என் தவறு, சரி செய்து தருகிறேன்" என்று சொல்லி நம்பரை வாங்கிக்கொண்டு, சொன்னபடி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தொடுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் பிக்பாக்கெட் செய்கிறவர்களுக்கு வசதி உண்டு: மேலே வந்தவர் ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்தே வந்தவர், திருடுவதைக் கூட்டம் முழுக்கப் பார்க்கிறது, அவருக்கு மட்டும்தான் தெரிவதில்லை. நமக்கு அப்படி இல்லை, ஒருவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு நிற்கிறார், நாம் போய்க் கையைப் பிடிக்கிறோம். அதனால் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "நான் மேஜிக்கும் செய்வேன், கொஞ்சம் திருடவும் செய்வேன், எல்லாம் திரும்பி வந்துவிடும், கை நீட்டுவீர்களா?" சொல்லிவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நீ நினைக்கலாம். கெடாது, நாணயம் கையில் ஏறியதும் அவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கையைப் பின்னுக்கு இழுப்பவரிடம் சீட்டுக்கட்டு காட்டிவிட்டு நகர்ந்துவிடு. பெண்களிடம் அவர்களே நீட்டிய கையைத் தவிர வேறெங்கும் கை போகக் கூடாது. உண்மையாகவே ஜேப்படிக்குப் பறிகொடுத்தவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்களுக்கு இது விளையாட்டாகவே இருக்காது. அதை முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு வழி கிடையாது.

நிஜமாகவே கோபப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அந்த நிமிஷத்தில் மேஜிக்கை நிறுத்து. வசனம் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மன்னிப்பை அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேள், கூட்டத்துக்குக் கேட்கும்படி கேட்டால் அவரை இரண்டாவது முறை காட்சிப்பொருள் ஆக்குகிறாய். "வாட்ச், பர்ஸ், போன் எல்லாம் இருக்கிறதா, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று நீயே சொல், அவர் பார்த்து முடிக்கிற வரை நில். பிறகு நேராக நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் போய், அவர் வேறு யார் வாயிலாகவோ கேள்விப்படும் முன் நடந்ததை நீயே சொல்லிவிடு. அந்த மண்டபத்தில் யாருடைய பர்ஸாவது உண்மையிலேயே காணாமல் போனால் முதலில் யாரைத் தேடுவார்கள் என்று உனக்கே தெரியும்.

வாட்ச் எடுப்பதை விட்டுவிடாதே. ஒரு மாதம் நிகழ்ச்சியில் செய்ய வேண்டாம், நண்பர்களிடம் மட்டும் செய், பிடிபட்டதும் கை மேலே போகப் பழக வேண்டும், இப்போது அது நாணயத்தைப் பொறுக்கக் கீழே போகிறது.

இன்னொன்று, அந்த வீடியோவின் மீதிப் பகுதி இருந்தால் அனுப்பு. அவர் வாட்சை மறுபடி கையில் கட்டிக்கொண்டாரா, இல்லை கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்