மையம் மையமாகப் போய் நிறுவச் சொல்லாதீர்கள்: கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை அலுவலகக் கணினிப் பிரிவினருக்கு,

வணக்கம். வேலந்தாவளம் முதல் மீனாட்சிபுரம் வரை, தமிழக-கேரள எல்லையோரப் பால் சேகரிப்பு மையங்களில் கணினி பார்க்கிறவன் எழுதுகிறேன். மையத்தின் பால் கணக்கை வரிசையில் வைத்து உங்களுக்கு அனுப்பும் மென்பொருளான ரேபிட்எம்க்யூவை 4.0 பதிப்புக்கு ஏற்றச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் நேரில் போய் நிறுவ வேண்டும் என்றே இந்த முறையும் எழுதியிருக்கிறீர்கள். போன முறை வண்ணாமடை மையத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் இப்படி ஒரு உத்தரவு வந்ததால்தான், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அன்று காலையில் நெட் இல்லை. ஊற்றிய பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) விவரமெல்லாம் அனுப்பப்படாமல் வரிசையிலேயே நின்றன. மாலைப் பால் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று, நீங்கள் கொடுத்த புது அட்மின் கணக்கில் நிறுவல் நடந்தது. பழைய நிறுவலோ வேறு கணக்கில் செய்தது. பொதுவான இடம் ஒன்றை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால், விண்டோஸில் ரேபிட்எம்க்யூ தன் தரவை நிறுவியவரின் கணக்குக்கே உரிய ஆப்டேட்டா கோப்புறைக்குள்தான் வைக்கும். ஆகவே சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் ரேபிட்எம்க்யூ, நன்றாக ஓடியது, வரிசை மட்டும் காலியாக இருந்தது. காலைப் பால் கணக்கு முழுவதும் பழைய கணக்கின் கோப்புறையில் கிடந்தது.

பட்டுவாடா அன்றுதான் இது வெளியே வந்தது. இரண்டு எருமை வைத்திருக்கும் ஒரு அம்மா, எழுத்து மங்கிப்போன சீட்டை நீட்டி, "ஏனுங் தம்பி, நான் ஊத்துன பாலு எங்கீங் போச்சு?" என்று கேட்டார். தவிட்டுக் கடைக்காரருக்கு அவர் அன்றைக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். சீட்டில் இருந்த பால் உங்கள் கணக்கில் இல்லை. கோப்புறையைக் கண்டுபிடித்து மீட்கும் வரை அவருக்குச் சொல்ல எங்களிடம் பதிலே இல்லை.

இதை ஆள் வைத்துச் செய்தால் இப்படித்தான் ஆகும். ரேபிட்எம்க்யூ ஓடுவதற்கு அடியில் இருக்க வேண்டிய எர்லாங்கை மாற்றினால் சர்வீஸ் பழைய எர்லாங்கின் பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும், அதை நீக்கி மறுபடி பதிய வேண்டும். சர்வீஸிடம் உள்ள குக்கியும் (ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசியக் குறி) நாம் கட்டளை கொடுக்கும் கணக்கில் உள்ள குக்கியும் ஒன்றாக இருக்க வேண்டும். 3.13-இலிருந்து 4.0-க்குப் போகுமுன் நிலையான ஃபீச்சர் ஃப்ளாக் (புது வசதிகளை இயக்கும் சுவிட்ச்) எல்லாவற்றையும் இயக்கியிருக்க வேண்டும், விட்டுப்போனால் புதியது எழுந்திருக்கவே செய்யாது. இத்தனையையும் காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில், ஒன்று விடாமல், ஒவ்வொரு மையத்திலும் ஒரு மனிதன் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும் என்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஒரு ஸ்கிரிப்ட், இந்த வேலையெல்லாம் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு. எர்லாங், ரேபிட்எம்க்யூ இரண்டின் நிறுவிகளும் கேள்வி கேட்காமல் தானாக ஓடக்கூடியவை. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் வழியாக ஒரே கட்டளையை ஒரே சமயத்தில் 32 கணினிகளுக்கு அனுப்பலாம், அதுவே அதன் இயல்பான அளவு. வரிசை காலியா என்று முதலில் பார்க்கட்டும், காலி இல்லையென்றால் அந்த மையத்தைத் தொடாமல் விடட்டும். பிறகு பேக்கப் எடுத்து, ஃப்ளாக்குகளை இயக்கி, நிறுவி, சர்வீஸைப் புதிதாகப் பதிந்து, ஒரு சோதனைச் செய்தி உங்களிடம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கட்டும். தரவுக்கு எல்லா மையத்திலும் ஒரே இடம் குறித்துவிடுங்கள். முதலில் ஒரு மையத்தில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மற்றவற்றுக்குப் போகலாம்.

சொல்ல வந்தபோது இதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. பல மையங்களில் இன்னும் அதுதான். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. இங்கே படிப்பவர்களுக்குத் தமிழும் மலையாளமும்தான் தெரியும். அதுவும் ஓணத்துக்கு முந்தைய வாரத்தில், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால் வண்டிகள் பரிசோதனைக்கு நிற்கும் நேரத்தில் வருகிறது. எங்கள் வேலை நேரம் என்ன என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

கோபத்தில் எழுதியதில் மரியாதைக் குறைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கை மாறாது: நேரில் போய் நிறுவச் சொல்லும் உத்தரவை நிறுத்திவையுங்கள், மேம்படுத்தலைத் தலைமை அலுவலகத்திலிருந்தே தானியங்கியாகச் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் எழுத ஆள் போதாது என்றால் நாங்கள் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது அனுமதியும், சோதித்துப் பார்க்க ஒரு கணினியும். ஓணத்துக்கு முன்பே பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லையோர மையங்களின் கணினிப் பராமரிப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை