பாப்பாவுக்கு, கம்ப்யூட்டர் வாங்குற விஷயமா

மன்னார்குடி,
ஆடி 20

அன்புள்ள பாப்பா,

பதினெட்டாம் பெருக்குக்கு நீ வராதது அம்மாவுக்குக் குறைதான். தேங்காய்ச் சாதம் கிளறும்போதெல்லாம் உன் பேச்சுதான். பட்டறையில வேலை ஜாஸ்தி. ஆத்துல தண்ணி வந்தும் போர் மோட்டார் ஓய்ஞ்சபாடில்லை. லோ வோல்டேஜ்ல ஓட்டி, காயிலைக் கருக்கிக்கிட்டு வந்து நிக்கிறாங்க.

நீ அனுப்பின லிஸ்ட்டைப் பேப்பர்ல எழுதி வச்சு நாலு நாளா பார்த்துக்கிட்டிருக்கேன். சொந்தச் சம்பளத்துல 50,000 சேர்த்து, ஒவ்வொண்ணா நீயே தேடி எடுத்திருக்கே. எனக்குப் பெருமையா இருக்கு. ரைசன் 5 5600 ப்ராசசரும் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டும் நல்ல ஜோடின்னு தஞ்சாவூர்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற நம்ம பழக்கக்காரரும் சொன்னார். கடைசி வரியில மட்டும் ‘கேபினெட், கூடவே 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ’ன்னு போட்டிருக்கே. கம்ப்யூட்டர் முழுக்கக் கரண்ட் கொடுக்கிற பெட்டி அந்த எஸ்எம்பிஎஸ்தான், அதை அடிச்சிடு.

நீ பத்தாவது படிச்சப்ப ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோமே, அதுக்கு ‘இது போதும்’னு மலிவா ஒரு எஸ்எம்பிஎஸ் எடுத்தது நான்தான். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு, நம்ம தெருவுக்குக் கரண்ட் திரும்பி வந்த அன்னிக்கு நீ ஆசையா ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டே. வோல்டேஜ் ஏறி இறங்கிக்கிட்டிருந்த நேரம். டப்புன்னு ஒரு சத்தம். மதர்போர்டும் போச்சு, ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. நீ வரைஞ்ச படமெல்லாம் அதுலதான் இருந்தது, அப்பாயி போட்டோவும். நீ என்னை ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலை. அது இன்னமும் எனக்கு உறுத்துது.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நான் தூக்கிப் போடலை. நேத்து கடை சாத்தினப்புறம் கழட்டிப் பார்த்தேன். உள்ளே ஃபில்டர் காயில் வைக்க இடம் விட்டிருக்காங்க, காயில் இல்லை. அந்த ஓட்டையில ஒரு துண்டுக் கம்பியை வச்சுப் பத்தவச்சிருக்காங்க. ரெண்டு கெப்பாசிட்டர் தலை உப்பிப் போய், கசிஞ்சது காப்பிப்பொடி மாதிரி காய்ஞ்சு கிடக்கு. கையில எடுத்தாலே தக்கையா இருக்கு. செம்பைக் குறைச்சுக் கட்டின மோட்டாரும் இப்படித்தான் லேசா இருக்கும்.

ஸ்டிக்கர்ல 500 வாட்ஸ்னு கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கிப் பாரு, 216 வாட்ஸ்தான் வருது. ப்ராசசரும் கார்டும் அந்த 12 வோல்ட் லைனை நம்பித்தான் ஓடணும். உன் கார்டுக்கே 132 வாட்ஸ். ப்ராசசருக்கு 65னு போட்டிருந்தாலும் முழு லோடுல அதைத் தாண்டும். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தா 250 பக்கம் வந்துடும். போதாததுக்கு கேம் ஓடறப்ப கார்டு கண நேரத்துக்கு எகிறி இழுக்கும். மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்குமே, அந்த அளவு இல்லைன்னாலும் குணம் அதேதான்.

அதுக்காக 750, 850னு போகாதே, அது வீண் செலவு. தரமான 550 போதும். 12 வோல்ட்ல 40 ஆம்பியருக்கு மேல எழுதியிருக்கணும். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை இருக்கட்டும், பாதி லோடுல இழுக்கிற கரண்ட்ல 85 சதவீதத்துக்குக் குறையாம கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். ஆனா அந்த முத்திரை கரண்ட் எவ்வளவு வீணாகுதுன்னுதான் சொல்லும். ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் புரொடெக்‌ஷன் இருக்கான்னு தனியா பார்த்துக்க. வாரண்டி 5 வருஷம் இருந்தா நல்லது.

காசுக்குக் கண்ணாடி கேபினெட்டையும் கலர் லைட்டையும் விட்டுடு. முன்பக்கம் வலை வச்ச சாதாப் பெட்டியிலதான் காத்து நல்லா ஓடும். ராம் ஒத்தை 16 ஜிபி வேண்டாம், ரெண்டு 8 போடு, டேட்டா போற ரெண்டு சேனலும் வேலை செய்யும். அப்படியும் இடிச்சா கார்டை அப்புறம் வாங்கிக்கலாம். ஆனா 5600ல டிஸ்ப்ளே கிடையாது, கார்டு இல்லாம படமே வராது. அப்போ 5600ஜி எடுக்கணும். என்னைக் கேட்டா அந்த வழி வேண்டாம், நீ ஆசைப்பட்ட கார்டோடவே வாங்கு. 3,000 ரூபா ஜிபே பண்ணியிருக்கேன். திருப்பி அனுப்பாதே.

உன் லிஸ்ட்ல இருக்கிற பி450 போர்டு பழசு. அந்த ப்ராசசருக்கு ஏத்த பயாஸ், அதான் போர்டை எழுப்பி விடுற சாஃப்ட்வேர், போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கடையிலேயே கேட்டு வாங்கு.

நீ இருக்கிற வீட்டுல பிளக்குக்கு எர்த் சரியா வருதான்னு நான் பார்க்காம அதுல எதையும் சொருகாதே. சனிக்கிழமை ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ்ல மீட்டரோட ஏறிடுவேன், விடியறதுக்குள்ள கோயம்புத்தூர். அதுவரைக்கும் பெட்டியைப் பிரிக்காம வை பாப்பா. நீ மாட்டு, நான் பக்கத்துல உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா