பள்ளிக்கூடத்துக்கான பணம் எங்கிருந்து வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஒவ்வோர் ஊரும் தன் வீட்டு வரியைக் கொண்டே தன் பள்ளிக்கூடத்தை நடத்திக்கொள்கிறது என்றும், நாமும் அந்த வழிக்கு வந்துவிட்டால் சுவருக்கு வெள்ளையடிக்கச் சென்னையையும் தில்லியையும் எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் அண்மையில் எழுதியிருந்தார். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். வெள்ளையடிக்கக் காத்துக் கிடந்த அனுபவம் எனக்கும் உண்டு. ஆகவே அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழி எங்கள் கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஆட்சியர் அலுவலகம் இருக்கிற மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுத்து, பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட தனி உள்ளாட்சி அமைப்பு அது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் இப்பள்ளிகளின் வருவாயில் மத்திய அரசின் பங்கு நூற்றுக்கு எட்டு அளவில்தான் இருந்தது. மீதியை மாநிலமும் ஊரும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சுமந்தன. ஊரின் பங்கு பெரும்பாலும் வீடு, நிலம் ஆகியவற்றின் மீதான சொத்து வரி. இதுவும் நாடு முழுவதும் ஒரே சீராக இல்லை. ஹவாயில் மாநிலம் முழுவதுமே ஒரே பள்ளி மாவட்டம், அங்கே ஊர் வரிக்கு வேலையே இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் பாதிக்கும் மேற்பட்ட சுமை ஊர் தலையில்தான். எனவே, ஊரே நடத்துகிறது என்று வாசகர் எழுதியது அமெரிக்காவுக்கே பாதிதான் பொருந்தும்.

அந்தப் பாதியும் எப்படி நடந்தது என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரத்தின் கணக்கு ஒன்று உண்டு. 1967-68ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கணக்கு வழக்காகி, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழைகள் மிகுந்த எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டத்தில், வரிக்குரிய சொத்து மதிப்பை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மாணவருக்கு 5,960 டாலர். அதே நகரத்தில் செல்வர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் பகுதியில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். கூடுதல் விகிதத்தில் வரி கட்டிய ஏழை ஊரில், மாநிலத் திட்டத்துக்கு ஊர் செலுத்த வேண்டிய பங்கு போக மாணவருக்கு 26 டாலர் மிஞ்சியது. குறைவாகக் கட்டிய பணக்கார ஊரில் 333 டாலர் மிஞ்சியது. மாநில அரசு எட்ஜ்வுட் மாணவருக்கு 222 டாலரும் அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 225 டாலரும் கொடுத்தது. இருக்கிறவனுக்கு மூன்று டாலர் கூடுதல் என்பதைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் பணம் மட்டும்தான் ஏழை ஊருக்கு 108, பணக்கார ஊருக்கு 36 என்று தேவையைப் பார்த்துப் போயிற்று. எல்லாவற்றையும் கூட்டினால் 356 டாலரும் 594 டாலரும். கல்வி என்பது தங்கள் அரசமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமை ஆகாது என்று கூறி, 1973இல் ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. பிறகு 1989இல் டெக்சாஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்தான் இந்த முறையைச் செல்லாது என்றது; 1993 முதல் செல்வம் மிகுந்த பள்ளி மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்து மற்றப் பள்ளி மாவட்டங்களுக்குப் பகிர்ந்து வருகிறது.

இந்தக் கணக்கை எங்கள் கரையில் வைத்துப் பார்க்கலாம். கீழக்கரையிலும் தொண்டியிலும் பல தலைமுறையாக வணிகத்தாலும் வளைகுடா வருமானத்தாலும் எழுந்த மாடி வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நாட்டுப்படகையும் பாசி எடுப்பதையும் நம்பிப் பிழைக்கிற ஊர்களில் பல குடும்பங்களுக்குக் குடியிருக்கும் மண்ணுக்கே பட்டா கிடையாது. புறம்போக்கில் போட்ட வீட்டுக்கு என்ன மதிப்புப் போட்டு என்ன வரி வாங்குவது? ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வீட்டு வரிக்கு ஆள் அனுப்பினால், எட்ஜ்வுட் அளவுக்குக் கூடத் தேறாது. பள்ளிச் செலவுக்கு ஊர்ச் சொத்தே அடிப்படை என்றாகிவிட்டால், எந்த ஊரில் பிறந்தோம் என்பதே ஒரு குழந்தையின் வகுப்பறையைத் தீர்மானிக்கும்.

ஊர் பணம் போட்டுப் பள்ளி நடத்துவது எங்கள் சீமைக்குப் புதிதன்று. 1985 வரை எங்கள் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த விருதுநகரில் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு பங்காகப் போடும் மகமையும் வீட்டுக்கு வீடு பிடியரிசியும் திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்திய கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கதைக்கும் வெகு காலம் முன்பே, சுவார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் இராமநாதபுரத்தில் ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 1787இல் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் அனுமதித்தது. மகமை வசூலாக ஊரில் கடைத்தெரு வேண்டும். வராகன் வரக் கம்பெனிக்கு அந்தப் பள்ளியால் பயன் வேண்டும். இரண்டும் இல்லாத கடற்கரைக் குடியிருப்புகளுக்குத் தேவாலயமோ பள்ளிவாசலோ தந்ததுதான் நெடுங்காலம் கல்வியாக இருந்தது. அரசு வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது நம் பணம் எப்படி வருகிறது? இதில் எங்களுக்கு ஒரு சொல் சிக்கல் உண்டு. ஒன்றியம் என்றால் எங்கள் ஊரில் இன்றும் ஊராட்சி ஒன்றியம்தான். குழப்பம் வேண்டாம் என்பதற்காகவே இக்கடிதம் முழுவதும் மத்திய அரசு என்று எழுதுகிறேன். பள்ளியின் பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்றுதான் இருக்கும். ஆனால் 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானது முதல் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பள்ளிச் செலவில் மிகப் பெரிய பகுதி அதுதான். பாடநூல், சீருடை, 2022இல் தொடங்கிய காலை உணவு ஆகியவையும் மாநிலத்தின் பணமே. மதிய உணவில் சமையற்செலவு மத்திய, மாநில அரசுகளிடையே 60க்கு 40 என்ற கணக்கில் பகிரப்படுகிறது. கட்டடமோ இன்னும் ஒன்றியத்தின் சொத்து. மேற்கூரைக் காரை பெயர்ந்தால் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுவார். அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுவார். பொறியாளர் வந்து மதிப்பீடு போடுவதற்குள் வாடைக்காற்றுக் காலம் வந்துவிடும்.

மத்திய அரசின் பணம் முக்கியமாக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக வருகிறது. முன்பு அனைவருக்கும் கல்வித் திட்டமாக இருந்து, 2018-19இல் வேறு இரு திட்டங்களோடு சேர்க்கப்பட்டது இது. தொடக்க ஆண்டுகளில் மத்திய அரசு 85, மாநிலம் 15 என்றிருந்த பங்கீடு படிப்படியாகச் சரிந்து, 2015-16 முதல் 60க்கு 40 என்று நிற்கிறது. தொகை சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் பகுதிநேர ஓவிய ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர், பள்ளி மானியம் என்று விளிம்பில் நிற்பவை எல்லாம் அந்தச் சிறு தொகையில்தான் தொங்குகின்றன. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்குரிய மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதும், 2025இல் மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியதும் எல்லாரும் அறிந்ததே. அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து வரும் தேசியக் கல்விக் கொள்கையின் மும்மொழியைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் சிறப்புப் பயிற்றுநரை எதிர்பார்த்திருக்கும் காது கேளாத குழந்தைக்கான பணத்தையும் ஓர் ஒப்பந்தக் கையெழுத்தையும் ஒரே முடிச்சாகப் போடுவது, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், தவறு. வருமான வரி கட்டுகிற எல்லாரும் அந்த வரியின் மீது 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரியும் செலுத்துகிறோம். அது மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித் தொகுப்பில் சேருவதுமில்லை. அப்படித் திரட்டிய பணத்துக்குத் தேவை ஒன்றே நிபந்தனையாக இருக்க வேண்டும்.

என் பணிக்காலத்தில் என்னை அதிகம் வருத்தியது பள்ளி மானியம். வண்ணம், சாக்பீஸ், குழாய், மின்விசிறி, கழிப்பறைக் கதவு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் கைக்காசு. மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000 என்று அது போகிறது. நான் இருந்த பள்ளி ஒன்றில் 32 குழந்தைகள் இருந்தார்கள். மீன்பாடு குறைந்து இரண்டு குடும்பங்கள் கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போயின. மூன்று குழந்தைகள் குறைந்தார்கள். அடுத்த ஆண்டு மானியம் 25,000இலிருந்து 10,000 ஆயிற்று. கடலிலிருந்து இருநூறு அடி தூரத்தில் நின்ற கட்டடத்துக்கு அது தெரியுமா? உப்புக்காற்றில் சன்னல் கம்பி அதே வேகத்தில்தான் துருப்பிடித்தது; கைப்பம்பில் வந்த தண்ணீர் அதே அளவு கரித்தது; குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கியதும் நிற்கவில்லை. உள்நாட்டில் பத்தாண்டு தாங்கும் இரும்புக் கதவு எங்கள் கரையில் நான்காண்டு தாங்கினால் அதிசயம். தலையை எண்ணிக் கொடுக்கும் மானியம் கணக்கருக்கு எளிது. தேய்மானம் தலையை எண்ணிக்கொண்டு வருவதில்லை.

அந்தப் பணமும் வரும் காலம் ஒன்று உண்டு. ஜூனில் தேவைப்படுவது பிப்ரவரியில் வந்து, மார்ச் 31க்குள் செலவு செய்து பயன்பாட்டுச் சான்று கொடு என்று நின்ற ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளாகப் பள்ளியின் வங்கிக் கணக்கில் பணம் தங்குவதே இல்லை. இவ்வளவு வரை செலவிடலாம் என்ற வரம்பு மட்டும் ஒதுக்கப்படுகிறது, செலவிடாதது திரும்பிவிடுகிறது. வட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு பணம் சும்மா கிடப்பதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவசரத்துக்குத் தலைமையாசிரியர் சொந்தப் பையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு ரசீதோடு அலையும் பழக்கம் இதனால் போகவில்லை.

அமெரிக்காவிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் நான் வேறு ஒன்றைச் சொல்வேன். அங்கே படைத்தளம் போன்ற மத்திய அரசு நிலங்களுக்கு ஊர் வரி போட முடியாது. அதனால் வருவாய் இழக்கும் பள்ளி மாவட்டங்களுக்கு மத்திய அரசே ஈடு கொடுக்கும் சட்டம் 1950இல் வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நம் அரசமைப்பின் 285ஆம் உறுப்பும் மத்திய அரசின் சொத்துகளுக்கு மாநில, உள்ளாட்சி வரிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, பாம்பன் வரை இரயில்வே நிலங்கள் என்று எங்கள் கரையில் மத்திய அரசின் இருப்பு குறைவானதன்று. நாட்டின் பாதுகாப்புக்கு இடம் கொடுத்த ஊர்களின் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஓர் ஈட்டுத்தொகை கேட்பது பிச்சை ஆகாது. 2018இல் இம்மாவட்டத்தை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு இது புரியாத செய்தியாகவும் இருக்க முடியாது.

ஊர்க்கொடையும் வரட்டும், தடுக்கவில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் திட்டத்தில் முன்னாள் மாணவர்கள் பணம் அனுப்புகிறார்கள். துபாயில் முன்னாள் மாணவர் இருக்கும் பள்ளிக்குத் திறன்பலகை வருகிறது. முன்னாள் மாணவர் எல்லாரும் வலை இழுக்கும் பள்ளிக்கு எது வரும்? டெக்சாஸ் செய்ததைப் போல, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கொடைகளில் கால் பங்கை மாவட்டப் பொது நிதியில் சேர்த்து, கொடையாளர் எவரும் இல்லாத பள்ளிகளுக்குப் பிரித்துத் தரலாம். கொடையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வாசகரின் கடிதத்தில் நான் முழுமையாக ஏற்பது ஒன்று: செலவை ஊர் பார்க்க வேண்டும் என்பது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தி, மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பை அதற்குத் தந்திருக்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் பாசி எடுக்கும் தாய்மார்களும் மீன் விற்கும் தாய்மார்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். லாபநட்டம் பார்த்து ஏலம் கூறுகிறவர்களுக்கு 25,000 ரூபாய்க் கணக்கு கடினமானதன்று. தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்காமல், வந்த தொகையையும் வந்த தேதியையும் செலவையும் அவர்கள் முன் படித்துக் காட்டிப் பள்ளிச் சுவரில் எழுதிப்போட்டால் போதும்.

கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், எண்ணிக்கை எதுவாயினும், 25,000 ரூபாய்க்குக் குறையாத மானியத்தை ஜூன் மாதத்திலேயே தர வேண்டும் என்று மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இராமநாதபுரம் செய்தியாளரிடமும் ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டுப் பள்ளி மானியம் எந்தத் தேதியில் எத்தனை பள்ளிகளுக்கு வந்தது என்பதைத் திருவாடானை முதல் கடலாடி வரை ஒன்றியவாரியாகக் கேட்டு வெளியிட்டால், நானும் அந்த வாசகரும் மேற்கொண்டு வாதிடுவதற்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.