பாப்பா பாட்டையே எடுக்கட்டும், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பாவுக்கு சி.பி.எஸ்.இ. பதினொன்றாம் வகுப்புக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் நாலும் முடிவாகிவிட்டது, அஞ்சாவது பாடத்தில்தான் இழுபறி என்று சொன்னீர்கள். அண்ணன் கணினி அறிவியல் என்கிறார், பாப்பா கர்நாடக இசை என்கிறாள். திருப்பாதிரிப்புலியூரில் நடக்கும் பஞ்சாயத்துக்குப் புதுச்சேரியிலிருந்து தீர்ப்பு எழுதுகிறேன். நம் வீட்டு விஷயத்தை ஏன் பொதுவில் எழுதுகிறாய் என்று கோபிக்காதீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் என்னிடம் பாட்டு கற்கும் பிள்ளைகளின் அம்மாக்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒரே பதிலாகப் போகட்டும்.

முதலில் அண்ணனின் பயம். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 200-க்குப் போடும் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதில் ஒரு மார்க் கூடப் போவதில்லை. அப்புறம் அஞ்சாவது பாடம் இசையாக இருந்தால் எந்த சீட் பறிபோகும்?

உங்கள் சந்தேகம் வேறு. "அவதான் நல்லா பாடுறாளே, அதுல படிக்க என்ன இருக்கு?" என்றீர்கள். மார்க்கைச் சொல்கிறேன்: சி.பி.எஸ்.இ.யில் வாய்ப்பாட்டுக்குச் செய்முறை 70, எழுத்துத் தேர்வு 30. அந்த 70-ஐப் பார்த்துவிட்டுச் சுலபம் என்று எடுப்பவர்கள் உண்டு. நன்றாகப் பாடும் பிள்ளைகள் தடுமாறுவதோ அந்த 30-ல்தான். தினம் பயிற்சிக்குப் பாடும் வர்ணம் என்ற பாட்டைத் தாளக் கோடு போட்டு ஸ்வரத்தோடு எழுதச் சொன்னால் பேனா நகராது. தொடையில் ஆதி தாளம் போடத் தெரியும். அது சதுஸ்ர ஜாதி திரிபுட தாளம், அதன் உறுப்புகளில் லகுவுக்கு 4, இரண்டு திருதத்துக்கு 4, ஆக 8 அட்சரம் (எண்ணிக்கை) என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. கோயிலில் பாடிக் கைதட்டு வாங்குகிறாள் என்பதற்காக மட்டும் என்றால் இந்தப் பாடம் வேண்டாம். வாரம் இரண்டு நாள் என்னிடம் வருவதே போதும்.

ஆனால் அவள் அந்த ரகம் இல்லை. போன தடவை இங்கே வந்தபோது மோகன ராகம் பாடிக்கொண்டே இருந்தவள், "அத்தை, இது நடுவுல வேற ராகம் மாதிரி கேக்குதே, ஏன்?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கீபோர்டிலேயே இருக்கிறது. கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்கும், பார்த்திருப்பீர்கள். மூன்றாக இருப்பதில் முதல் கட்டையை ஸட்ஜமாக (‘ஸ’ என்ற ஆதார ஸ்வரமாக) வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனம். அதே அஞ்சு கட்டைகள்தான், அடுத்த கட்டையை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் மத்யமாவதி. அதற்கடுத்ததிலிருந்து ஹிந்தோளம், அப்புறம் சுத்த சாவேரி, கடைசியில் சுத்த தன்யாசி. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை, நிற்கும் இடத்தை மட்டும்தான் மாற்றினோம். கர்நாடக இசையில் இதைக் கிரகபேதம் என்பார்கள்; பழந்தமிழ் இசையில் பண்ணுப்பெயர்த்தல். (கீபோர்டில் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வராது, அதனால் ஹிந்தோளம் விறைப்பாகத்தான் கேட்கும். எலும்புக்கூட்டைப் பார்க்க அது போதும்.) கணிதம் எடுத்திருக்கும் பிள்ளைக்கு இது பிடிக்காமல் போகுமா? தாளக் கணக்கு வேறு இருக்கிறது: ஏழு தாளம், லகுவின் நீளத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் அஞ்சு ஜாதி, ஆக 35.

இன்னொன்று. பண்ருட்டி பக்கம் திருவதிகைக்குப் போகும்போதெல்லாம் அவள் 'கூற்றாயினவாறு' பாடுகிறாளே, அப்பருக்குச் சூலைநோய் தீர்ந்த இடம் அது, அவருடைய முதல் பதிகம். அதன் பண், அதாவது பழந்தமிழ் இசையில் அதன் ராகம், கொல்லி. இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோஸ் ராகத்தில் பாடுகிறார்கள். நம் மாவட்டத்துப் பாட்டு, நம் வீட்டுப் பிள்ளை மனப்பாடமாகப் பாடுகிறாள், ஆனால் பண்ணுக்கும் ராகத்துக்கும் என்ன உறவு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. இசையைப் பாடமாக எடுத்து ராக லட்சணம் (ராகத்தின் இலக்கணம்) எழுதப் பழகினால், இந்த மாதிரிக் கேள்வியைத் தானே தோண்டிப் பார்க்கும் தெம்பு வரும். நான் ஆசைப்படுவது அதற்குத்தான். மேடைக் கச்சேரி எல்லாம் அப்புறம்.

பிளஸ் டூ முடித்து இதிலேயே போக வேண்டும் என்றாலும் வெகுதூரம் போக வேண்டாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் தலைமை தாங்கிய இசைத் துறை அது. இந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், கடலூர் பஸ் போகிற வழிதான். கடலூரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளியும் உண்டு, மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு. பாப்பாவுக்கு இன்ஜினியரிங்தான் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு இருக்கும் ஒரே கவலை ஆசிரியர். பாடப் பட்டியலில் இசையைப் போட்டுவிட்டுச் சொல்லித்தர ஆள் வைக்காத பள்ளி ஒன்றில் என் மாணவி மாட்டிக்கொண்டாள். எழுத்துப் பாடம் முழுவதையும் கடைசி நேரத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தாள். அதனால் பணம் கட்டுவதற்கு முன் முதல்வரைப் பாருங்கள். இசைக்கு முழுநேர ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்துக்கு எத்தனை பீரியட், தியரியை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். வாய்ப்பாட்டுக்குப் பாடக் குறியீடு 031. மிருதங்கம் மாதிரித் தாளக் கருவிகளுக்கு 033. படிவத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் போய்ப் பாடத்தை மாற்றுவது பெரிய அலைச்சல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். அண்ணனிடம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்