பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மன்றத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்த காலம் முழுக்க இலக்கிய மன்றப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

2025-26 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. 2018 மார்ச்சில் அந்தத் தேர்வு வந்ததிலிருந்து பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக மூன்று பொதுத்தேர்வுகள் பிள்ளைகளின் தலைமேல் இருந்தன. இப்போது நடுவில் ஒரு வருடம் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. அந்த வருடத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

கேட்கக் காரணம் இருக்கிறது. முன்பு பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ஆரம்பத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துவிட்டன. அதைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே கொண்டுவரப்பட்டது. தேர்வு போனதும் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படித் திரும்பினால் முதலில் காலியாவது பி.இ.டி. பீரியடும் மன்ற பீரியடும்தான்.

பட்டியலைப் பார்த்தால் மன்றங்களுக்குக் குறைவே இல்லை. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், ஜே.ஆர்.சி. என்ற இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் படை, என்.எஸ்.எஸ். எல்லாம் உண்டு. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட, அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்கும் வானவில் மன்றம் நல்ல திட்டம். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் மற்ற மன்றங்களிலும் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆள் டெஸ்ட் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பிளஸ் ஒன் பிள்ளைகளை நான் தனியாகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அவர்களில் நிறையப் பேர் அந்தப் பள்ளிக்கே புதுசு. சுற்றுவட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாவது முடித்துவிட்டு வருகிறார்கள். வந்ததும் பயாலஜி குரூப், காமர்ஸ் குரூப், தொழிற்கல்வி என்று தனித்தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு வருடம் ஒரே கேட் வழியாக வந்து போயும் பக்கத்து குரூப் பிள்ளையின் பெயர் தெரியாமலே டி.சி. வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நம்ம ஸ்கூல்’ என்ற நினைப்பு அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

எங்கள் பள்ளியில் மன்றம் கூடினால் எல்லோரும் பேச்சுக்கும் கவிதைக்கும்தான் கை தூக்குவார்கள். நன்றியுரைக்கு ஆள் கிடைக்காது. ஒரு வருடம் காமர்ஸ் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, வேறெதுவும் மிச்சமில்லாததால் அதை எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டுமென்றால் யார் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமே! கையில் ஒரு துண்டுச் சீட்டோடு பள்ளி முழுக்கச் சுற்றினாள். பெஞ்சு தூக்கிப் போட்டவர்கள், மைக் செட்டுக்கு ஒயர் இழுத்த எட்டாம் வகுப்புப் பையன், தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வைத்த சத்துணவு ஆயா என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். மேடையில் அந்த ஆயாவின் பெயரை அவள் சொன்னபோது பிள்ளைகள் தட்டிய கைதட்டல் அன்று வேறு எந்தப் பேச்சுக்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் அவளுக்குத் தெரியாத முகம் கிடையாது.

இன்னொரு கூட்டத்தில் நேரம் பார்த்து மணியடிக்கும் வேலையை ஆறாம் வகுப்புப் பையனிடம் கொடுத்திருந்தோம். ஐந்து நிமிடம் தாண்டியதும் தலைமையாசிரியருக்கே அடித்துவிட்டான். அவரும் சிரித்துக்கொண்டே பேச்சை முடித்தார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க அதைவிட நல்ல பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று கிராமத்துப் பிள்ளைகள் மேடையேறுவதைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் அது போட்டி. நன்றாக ஆடுகிற, பாடுகிற பிள்ளைகள் வேன் ஏறிப் போவார்கள், மற்றவர்கள் கையசைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். மன்றம் அந்த மற்றவர்களுக்காக. பரிசு வாங்காத பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும், ஒரு பெயர் இருக்கும்.

அப்புறம் அரசுப் பள்ளிகளின் குழு முறையான மகிழ் முற்றம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தையும் பிளஸ் ஒன் அண்ணனும் ஒரே குழுவில் வருவது எவ்வளவு நல்ல ஏற்பாடு! பலகையில் புள்ளி எழுதுவதோடு அதை முடித்துவிடாதீர்கள். குழுவை நடத்தும் பொறுப்பைப் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் கொடுங்கள். பத்தாவதுக்குப் பிறகு எந்தப் பொதுத்தேர்வும் கழுத்தைப் பிடிக்காத வருடம் அவர்களுக்கு அது ஒன்றுதான்.

பெற்றோர்களே, ‘மார்க் குறைந்துவிடும்’ என்று நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். நீட்டும் கட்-ஆஃபும் இருக்கும் காலத்தில் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு பீரியட், வாரத்துக்கு நாற்பது. அதில் இரண்டைத்தான் கேட்கிறேன். பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லாதீர்கள். டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், நிற்க மாட்டார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மட்டும் கூடுவது பள்ளி மன்றம் ஆகாது.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு மன்றப் பதிவேட்டையும் கேளுங்கள். போட்டோவைக் காட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். மாணவச் செயலாளர் கைப்பட எழுதிய பதிவேடு வேண்டும். இந்த மாதம் மன்றம் கூடியதா, யார் பேசினார்கள், போன கூட்டத்தில் பேசாத யார் இந்த முறை பேசினார்கள் என்று பாருங்கள்.

தலைமையாசிரியர்களே, ஜூனில் கால அட்டவணை போடும்போது பிளஸ் ஒன் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அந்த இரண்டு பீரியடைப் போடுங்கள். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் வந்து கேட்பார். என்னைப் போன்ற தமிழாசிரியையும் வந்து கேட்பாள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்