டாக்டர் சாட்சி யார் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்து வழக்கில் ஒரு தமிழ் டாக்டரே தன் தம்பிக்குப் பாதகமாகச் சாட்சி சொல்லிவிட்டார் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். அந்த வழக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எலும்பு மருத்துவராக ஈப்போ, தைப்பிங் நீதிமன்றங்களில் பல வருடம் நிபுணர் சாட்சி சொன்னவன் நான்.

அறிக்கை எழுத டாக்டருக்குப் பணம் கொடுப்பது ஏதோ ஒரு தரப்புதான். ஆனாலும் நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்கு உதவுவது, பணம் கொடுத்தவர் அதற்குப் பிறகுதான் என்கிறது மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 40ஏ கட்டளை. இதை உணர்ந்தே எழுதுகிறேன் என்று அறிக்கையிலேயே நாங்கள் உறுதி சொல்ல வேண்டும்.

"டாக்டர், இவன் நம்ம பையன், கொஞ்சம் கூட்டி எழுதுங்க" என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். படுத்துக்கிடக்கும் மகனைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள். இருந்தும் மறுத்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் ஒரு வரி மிகை என்று தெரிந்துவிட்டால், மீதி உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். நட்டம் அந்தப் பையனுக்குத்தான்.

உண்மையில் தோட்டத்து மக்கள் வலியைக் கூட்டிச் சொல்பவர்களே அல்லர். குறைத்துத்தான் சொல்வார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் ஒருவர் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லாரி மோதி இடது தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துப் பொருத்தினார்கள். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு அவர் சொன்னது ஒரே பதில்: "பரவாயில்ல டாக்டர்." கிளினிக் அட்டையில் 'வலி இல்லை' என்று ஏறிவிட்டது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது இன்சூரன்ஸ் தரப்பு லாயர் அந்த வரிகளைத் தேதி வாரியாகப் படித்தார். அந்தத் தொழிலாளிக்கோ குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. அரிவாள் கட்டிய நீளக் கழியைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து நிற்கவும் முடியவில்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு அளவுநாடா. முட்டிச் சில்லுக்கு மேலே 10 செ.மீ. தள்ளி இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்தேன். இடது தொடை 3 செ.மீ. இளைத்திருந்தது. ஊன்றாத காலில் தசை கரையும். அப்படி இளைத்ததை நடித்துக் காட்ட முடியாது. நீதிபதி அந்த அளவை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். இழப்பீடு கிடைத்தது. ஆனால் வலிக்காகக் கேட்ட தொகை அந்த அட்டைகளால் குறைந்துபோனதை மறக்க முடியவில்லை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், டாக்டரிடம் 'பரவாயில்ல' என்று சொல்லாதீர்கள். மாடிப்படி ஏற முடியவில்லை, இரவில் புரள முடியவில்லை, வாளி தூக்க முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் மனைவியையோ மகளையோ கூட அழைத்துப் போங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப்போட வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், மறந்தால் நீங்களே ஆபீசில் போய்க் கேளுங்கள்.

எழுதிய அந்த அன்பருக்கு ஒன்று. டாக்டரின் அறிக்கையை லாயரிடம் வாங்கி, எந்த வரி தம்பியைப் பாதித்தது என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் நாள் பதிவில்தான் ஏதோ விடுபட்டிருக்கும்.

அப்புறம், தோட்டத்து டிரெசர்களுக்கும் (தோட்ட மருந்தகத்தில் முதலுதவி செய்பவர்கள்) ஒரு வேண்டுகோள். அடிபட்டது இடதா வலதா, எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தார் என்று அன்றே முழுசாக எழுதி வையுங்கள். வருடங்கள் கழித்துக் கூண்டில் நிற்கும் எங்கள் கையில் அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்,
சுங்கை சிப்புட், பேராக்