இன்ஜினை இழுக்கும் கோவேறு கழுதைகள்

எடிசன், நியூ ஜெர்சி
செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். உங்கள் இருவரின் நலமறிய ஆவல். வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று அம்மா யோசிக்கக்கூடும். ஊர் சுற்றப் போனது எப்படி இருந்தது என்று அப்பா கேட்டபோது "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியவை அதற்கு மேல் நிறைய இருந்தன. கண்ணாடி போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் போனது பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லங்காஸ்டர் பகுதிக்கு. காரில் இரண்டரை மணி நேரம். அங்கே ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 40,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 1693இல் சுவிட்சர்லாந்துப் பக்கம் யாக்கோப் அம்மான் என்பவரின் பின்னால் தனியே பிரிந்தவர்கள் இவர்கள். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, வளர்ந்த பிறகு தானே விரும்பிப் பெற வேண்டும் என்ற கொள்கைக்காக இவர்களுடைய முன்னோர் படாத பாடு பட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், அங்கே யாரும் தம் மதப்படி வாழலாம் என்று சொன்னதால், 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் வீட்டில் பழைய ஜெர்மன் வழக்கு ஒன்றைத்தான் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ்ப்பள்ளிக்குப் போயும் "அம்மா, பசிக்குது" என்பதைத் தாண்டாத எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு எதிரே குதிரைமசால் அறுத்துக் காயப்போட்டிருந்த வயலில் வேலை நடந்தது. நம் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டி வைக்கோல் கட்டுகிறார்களே, ஏறக்குறைய அதே மெஷின். அதன் தலைமேல் ஒரு டீசல் இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மெஷினையும் இன்ஜினையும் சேர்த்து இழுத்தவை, வரிசையாகப் பூட்டிய நான்கு கோவேறு கழுதைகள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பையன் கயிற்றைப் பிடித்து நிற்க, தகப்பன் வந்து விழும் கட்டுகளைப் பின்வண்டியில் அடுக்கினார். இன்ஜின் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அதற்குச் சக்கரம் வைக்கத் தெரியாதா என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்கும் அதுதான் கேள்வி.

பிற்பகல் குதிரை வண்டியில் சவாரி போனபோது, ஓட்டி வந்த பெரியவர் இதற்குப் பதில் சொன்னார். தாடி நெஞ்சுவரை இருக்கிறது, மீசை மட்டும் இல்லை. கல்யாணமான ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். டிராக்டர் அவர்களிடமும் உண்டாம், கொட்டகை அருகில் மற்ற மெஷின்களைச் சுற்றுவதற்கு மட்டும். அதற்கும் இரும்புச் சக்கரம்தான் போட வேண்டும். ரப்பர் டயர் போட்டால் அது ரோட்டில் ஓடும், ரோட்டில் ஓடினால் டவுனுக்குப் போகும், டவுனுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரனின் உதவி தேவைப்படாது என்றார். புதிதாக ஒன்று வந்தால் அது நல்லதா கெட்டதா என்று அவர்கள் பார்ப்பதில்லை; அது வந்தால் வீட்டில் யார் யாரை விட்டு விலகுவார்கள் என்று கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். அதனால்தான் தெருக்கம்பியிலிருந்து கரண்ட் இழுப்பதில்லை. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிறது, தையல் மெஷின் காற்றழுத்தத்தில் ஓடுகிறது. டெலிபோனும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் இல்லை. வயல் ஓரத்தில், அசல் நம் கிணற்று மோட்டார் ரூம் போல ஒரு சிறு மரக்கூண்டு. இரண்டு மூன்று குடும்பத்துக்குப் பொது. பேச வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போக வேண்டும்.

வழியில் புகையிலைக் கொட்டகை ஒன்றைக் காட்டினார். நம் பக்கம் வெயிலில் போட்டுப் பதம் பார்ப்பது போல இல்லை. செடியைத் தண்டோடு அறுத்து, நீள மரக்குச்சியில் வரிசையாகக் குத்தி, தலைகீழாக உத்தரத்தில் தொங்க விடுகிறார்கள். சுவர்ப் பலகைகள் ஒன்றுவிட்டு ஒன்று ஜன்னல் போலத் திறக்கின்றன, காற்றிலேயே காய்கிறது. கிட்டே போனதும் தாத்தாவின் வேட்டி மடிப்பில் வருமே, அந்த நெடி. சினிமாவும் ரேடியோவும் ஆகாதென்பவர்களுக்குப் புகையிலை ஆகிறது என்பதை நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியது.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்கு: புரட்டாசி என்பதால் கோழியைத் தொடவில்லை. பார்த்த பக்கமெல்லாம் கோழிதான். ரொட்டியும், ஆப்பிள் பட்டர் என்ற ஒன்றும், காய்கறிகளைப் புளிக்காடியில் ஊறவைத்த சௌசௌ என்ற ஊறுகாயும் வைத்துப் பசியாறினோம். சௌசௌ என்றதும் காயை எதிர்பார்த்து ஏமாந்தேன். ஆப்பிள் பட்டரில் வெண்ணெய் கிடையாது; ஆப்பிளை மணிக்கணக்கில் கிளறிச் சுண்ட வைத்த களிம்பு. வெல்லப்பாகு ஊற்றிச் செய்யும் ஷூஃப்ளை பை என்ற இனிப்புப் பலகாரத்திலும் ஒரு துண்டு வாங்கினோம். அதில் முட்டை உண்டா என்று மாப்பிள்ளை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாம் எனக்குப் பிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு 1972இல் உச்ச நீதிமன்றமே உரிமை கொடுத்திருக்கிறது. ஒரே அறையில் எட்டு வகுப்பும் நடக்கும் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனபோது, மேலே படிக்க வைக்க வேண்டுமா என்று பெரியப்பா கேட்ட அன்று அப்பா பதில் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபீஸ் கட்டப் போனது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுத்துணி மெத்தை விரிப்பு வாங்கி உங்களுக்கு அனுப்பலாம் என்று திட்டம் வைத்திருந்தோம். அன்று ஆமிஷ் கடை ஒன்றும் திறக்காது என்பது எங்களுக்குத் தெரியாது. பூட்டிய கடைகளின் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கோயில் என்று தனியாகக் கட்டடம் இல்லாததால் ஒருவர் வீட்டில் கூடி வழிபடுகிறார்கள். அந்த வாசலில் முப்பது நாற்பது சாம்பல் நிற வண்டிகள் நின்றன.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்தேன். அங்கே பெரும்பாலான பண்ணை வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கின்றன. மகனிடம் பண்ணையை ஒப்படைத்த பிறகு தாயும் தகப்பனும் ஒட்டிக் கட்டிய சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்கிறார்கள். தனி அடுப்படி, தனி வாசல், நடுவில் ஒரு கதவு. பெரியவரும் அப்படித்தான் இருக்கிறாராம். உன் தாய் தகப்பன் எங்கே என்று கேட்டார். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் என்றேன். அவர்களோடு யார் இருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டார். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, வண்டிக் குதிரை பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஆப்பிள் பட்டர் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். டிசம்பரில் கோயம்புத்தூர் வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏப்ரலில் நாங்கள் இருவரும் வருகிறோம். வடக்குப் பக்கத்து ரூமை வாடகைக்கு விடப்போவதாக அம்மா சொன்னீர்களே, நாங்கள் வந்து பேசும் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்